இஞ்சியை உறங்க விடுங்கள்

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆனதும் என் தொலைபேசிக்கு ஒரே வகையான அழைப்புகள் வரத் தொடங்கும். மயூர் விஹாரிலிருந்து ஒருவர், துவாரகாவிலிருந்து ஒருவர், நொய்டாவிலிருந்து ஓர் அம்மையார். "உங்கள் பேச்சைக் கேட்டு மாடியில் இஞ்சி வைத்தோம். போன வாரம் வரை பச்சைப்பசேல் என்று நின்றது. இப்போது இலையெல்லாம் மஞ்சளாகிறது. என்ன உரம் போடலாம்?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. என் விடையும் ஒன்றேதான். எந்த உரமும் வேண்டாம். நீரையும் குறைத்து நிறுத்திவிடுங்கள். இதைச் சொன்னதும் எதிர்முனையில் சிறிது நேரம் ஓசை இராது. வாடுகிற செடிக்கு நீர் விடாதே என்பவனிடமா இத்தனை நாள் ஆலோசனை கேட்டோம் என்று அவர்கள் எண்ணுவது எனக்குக் கேட்கும்.

வட இந்தியாவில் வீட்டுத் தோட்டங்களில் இஞ்சி அழிவதற்குக் குளிர் காரணமன்று, நம்முடைய பரிவுதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. பனிக்காலத்தில் செடியைப் பச்சையாகவே வைத்திருக்க நாம் செய்யும் ஒவ்வொரு காரியமும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக் கொல்கிறது. இதை நான் நூல்களில் படித்து அறிந்துகொள்ளவில்லை. ஈடுசெய்ய முடியாத இழப்பு ஒன்று என் வீட்டில் நேரவிருந்தது. அது மயிரிழையில் தவறியபோது கற்றுக்கொண்டேன்.

முதலில் நம் ஊர் வழக்கத்தையும் இங்குள்ள நிலைமையையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். இஞ்சி வளர்ப்பைப் பற்றித் தமிழில் நாம் படிக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை கேரளத்துக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டவை. அங்கே மே மாதக் கோடைமழையோடு கிழங்கை நடுவார்கள். எட்டு மாதம் கழித்து, தைக்கு முன்னும் பின்னுமாகத் தோண்டுவார்கள். சமவெளியில் மார்கழி இரவு குளிர்ந்தாலும் போர்வையோடு முடிந்துவிடும் குளிர் அது. தில்லியில் டிசம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி இறுதி வரை இரவு வெப்பநிலை 5, 6 டிகிரிக்கு இறங்குவது வழக்கமே. மூடுபனி கவிந்த நாள்களில் பகலும் இரவைப் போலவே இருக்கும். 2019 டிசம்பர் 30 அன்று இந்நகரத்தில் பகலின் உச்ச வெப்பநிலையே 9.4 டிகிரிதான். அத்தகைய நாள்களில் தொட்டியில் விட்ட ஒரு குவளை நீர் பத்து நாளானாலும் உலராது. வெப்பமண்டலத்துச் செடியாகிய இஞ்சிக்கு மண் 20 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேர் நன்கு உறிஞ்சும். உறிஞ்சாத வேரைச் சுற்றி நிற்கும் நீர் அழுகலைத் தவிர வேறெதற்கும் பயன்படாது.

இஞ்சியின் இயல்பை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இஞ்சிக்கு விதை இல்லை. பூ அரிதாகப் பூக்கும். பூத்தாலும் பயிரிடப்படும் இஞ்சி விதை கட்டுவதில்லை. இது முதன்முதலில் எந்தக் காட்டில் தானாக வளர்ந்தது என்பதைக்கூட இன்று யாராலும் காட்ட முடியாது; மனிதன் கையால் மட்டுமே ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சென்று வாழும் பயிர் இது. பட்டினப்பாலை சோழநாட்டு வளத்தைச் சொல்லுமிடத்தில் இஞ்சியும் இடம்பெறுகிறது. இஞ்சி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் மதில் என்றொரு பொருளும் உண்டு. அது வேறு கதை. சொல்ல வந்தது இதுதான்: ஒரு கிழங்கைத் துண்டாக்கி நடும்போது நாம் புதுச்செடி ஒன்றைத் தொடங்குவதில்லை. பழைய செடியே தொடர்ந்து வாழ்கிறது. மாமரம் பட்டுப்போனால் அதன் கொட்டை ஒன்று எங்காவது முளைத்திருக்கக் கூடும். இஞ்சிக் கிழங்கு முழுவதும் அழுகிவிட்டால் அந்த வழி அத்தோடு அற்றுப்போகும்.

எங்கள் வீட்டு இஞ்சி 1996இல் தில்லிக்கு வந்தது. மகள் பிறந்த சமயம். செங்கோட்டைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து அம்மா பிரசவ லேகியத்துக்கு வேண்டிய சரக்குகளோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்திறங்கினார். சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் தனித்தனிப் பொட்டலம். கொல்லையில் பறித்த இஞ்சி மட்டும் ஒரு மஞ்சள்பையில் மண்ணோடு இருந்தது. லேகியம் கிளறி மிஞ்சிய துண்டுகளில் இரண்டு அடுக்களை மூலையில் முளைவிட்டிருந்தன. அவற்றை அம்மா அரசாங்கக் குடியிருப்பின் பின்புறச் சுவரோரம் புதைத்துவிட்டு ஊருக்குப் போனார். அதன் பின் இருபது ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. கார்த்திகையில் காய்ந்து மறையும். பங்குனியில் தானே தலைநீட்டும். இடையில் யாரும் அதை நினைத்ததில்லை. வேலைக்குப் போய்வருவதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

ஓய்வு பெற்றேன். குடியிருப்பைக் காலிசெய்து மூன்றாம் மாடி அடுக்ககத்துக்கு மாறினோம். அம்மா காலமானார், ஊர் வீடு கைமாறியது, கொல்லையை மூடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள் என்று கேள்வி. சுவரோரத்து இஞ்சியைத் தோண்டி எடுத்துவந்து மொட்டைமாடியில் பத்துத் தொட்டிகளில் நட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் மிகுதி, அக்கறையும் மிகுதி. அதுவே வினையாயிற்று.

2019 நவம்பரில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நான் பதறினேன். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலையோடு கூடிய இஞ்சிக்கொத்தையும் மஞ்சள்கொத்தையும் பொங்கல் பானையின் கழுத்தில் கட்டுவது நம் வழக்கம். தில்லியில் பொங்கல் சமயத்தில் தமிழர் கடைகளுக்கு வந்துசேரும் கொத்து, இரண்டு நாள் ரயில் பயணத்தில் துவண்டுபோயிருக்கும். அந்த ஆண்டு அம்மாவின் இஞ்சியையே பச்சை இலையோடு கட்டவேண்டும் என்று நான் மனத்தில் வைத்திருந்தேன். எனவே ஒருநாள் விட்டு ஒருநாள் வெந்நீர் கலந்த நீர் விட்டேன். மண்புழு உரம் இட்டேன். டிசம்பரில் குளிர் மிகுந்ததும் மூங்கில் குச்சி நட்டு, ஒன்பது தொட்டிகளையும் பாலித்தீன் தாளால் போர்த்தினேன். காலையில் தாளின் உட்புறம் முத்துமுத்தாக நீர்த்துளிகள் கோத்திருக்கும். செடி மூச்சு விடுகிறது என்று எண்ணி மகிழ்ந்தேன்.

பொங்கலன்று விடியற்காலை கைவிளக்கோடு மாடிக்குப் போய் ஒரு தண்டைப் பிடித்தேன். இழுக்காமலே கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கூழாகியிருந்தது. தொட்டியைக் கவிழ்த்தால் இஞ்சி மணத்துக்குப் பதிலாக நாற்றம். ஒன்பது தொட்டிகளும் அவ்வாறே. பானையில் அன்று கடையில் வாங்கிய மஞ்சள்கொத்து மட்டும் கட்டினோம். மகள் வெளிநாட்டிலிருந்து காணொளியில் பார்த்து, "ஆச்சி இஞ்சி எங்கேப்பா?" என்று கேட்டாள். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

பத்தாவது தொட்டி அக்டோபரிலேயே விரிசல் கண்டிருந்தது. மாற்றி நடுவோம் என்று மாடிப்படியின் கீழே ஒதுக்கி வைத்தவன் அதை அடியோடு மறந்துவிட்டேன். நீரும் இல்லை, வெயிலும் இல்லை. பிப்ரவரி இறுதியில் அந்த மண்ணை வேறு செடிக்குப் பயன்படுத்தலாம் என்று என் மனைவி கொட்டினாள். தூள்தூளாக உதிர்ந்த மண்ணில் இரண்டு விரல் கனத்தில் ஒரு கிழங்கு கிடந்தது. தோல் சுருங்கியிருந்தது, அழுத்தினால் கல்போல் இருந்தது, ஓரத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு கண் புடைத்திருந்தது. நான் பேணிய ஒன்பதும் போயின. நான் மறந்த ஒன்று பிழைத்தது. இன்று எங்கள் வீட்டில் இருக்கும் இஞ்சி முழுவதும் அந்த ஒரு துண்டின் வழிவந்தது.

எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இருக்கிறார். அம்மலைப்பகுதி இஞ்சிக்குப் பெயர்பெற்றது. சுக்கும் அங்கே பெருமளவில் ஆகிறது. என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "பாய் சாஹப், எங்கள் ஊரில் உங்கள் தில்லியைவிடக் குளிர் அதிகம். நாங்கள் இஞ்சிக்குப் பனியில் நீர் விடுவதில்லை, குழியில் படுக்கவைக்கிறோம்" என்றார். அவர் சொன்ன முறை இது. சித்திரை, வைகாசியில் நடுவார்கள். பனி கடுமையாவதற்கு முன் தோண்டிவிடுவார்கள். விதைக்கென்று ஒதுக்கிய நல்ல கிழங்குகளை மேட்டுநிலத்தில், மழைநீர் புகாத குழியில் அடுக்குவார்கள். மேலே பலகை வைத்து மண்ணால் மெழுகி, காற்றுப் போக ஒரு துளை மட்டும் விடுவார்கள். வெளியே உறைபனி பெய்தாலும் குழிக்குள் குளிர் அந்த அளவுக்கு இறங்காது. வசந்தம் வந்ததும் திறந்து, அழுகியவற்றைக் கழித்து, மற்றவற்றை நடுவார்கள். "திறக்கும் நாளில் என் தாத்தா முதலில் மூக்கைத்தான் நீட்டுவார். நாற்றம் வந்தால் அந்த ஆண்டு கடன்" என்றார் முதியவர். இஞ்சிக்கு ஆகும் செலவில் விதைக்கிழங்கே பெரும்பங்கு; ஓர் ஏக்கருக்கு 600 கிலோவுக்கும் மேல் வேண்டும். ஆகவே அவர்களுக்கு அந்தக் குழிதான் கையிருப்பு.

கையிருப்பு என்றதும் சிக்கிம் உழவரின் வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வங்கி இதழின் வாசகர்களுக்கு அது சுவையாக இருக்கும். அங்கே நட்ட தாய்க்கிழங்கு முளைத்துச் செடி ஊன்றிக்கொண்டதும், பருவத்தின் நடுவிலேயே மண்ணை மெல்ல விலக்கித் தாய்க்கிழங்கை மட்டும் எடுத்து விற்றுவிடுவார்கள். அதற்கு 'மாவ்' என்று பெயர். செடி தன் வேரில் நின்று புதுக்கிழங்கை வளர்த்துக்கொண்டிருக்கும். போட்ட முதல் பாதி ஆண்டிலேயே கைக்குத் திரும்பிவிடுகிறது. எல்லா மண்ணிலும் இது நடவாது. காயம் பட்ட இடத்தில் அழுகல் நோய் புகுவதற்கும் வாய்ப்புண்டு. தொட்டியில் நான் ஒருமுறை செய்துபார்த்துச் செடியையே சாய்த்துவிட்டேன். ஆயினும் இஞ்சியின் இயல்பை அம்மலைமக்கள் எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

இனி, உறக்கத்துக்கும் சாவுக்கும் வேறுபாடு காண்பது எப்படி என்பதைச் சொல்கிறேன். இலை மஞ்சளாவது இரண்டுக்கும் பொது. அதனால்தான் நாம் ஏமாறுகிறோம்.

உறங்கப்போகும் செடியில் மஞ்சள்நிறம் ஏறத்தாழ எல்லாத் தண்டுகளிலும் ஒருசேரப் படரும். இலைநுனியிலிருந்தும் விளிம்பிலிருந்தும் தொடங்கி, வைக்கோல் நிறமாகும். தண்டு காய்ந்து சாயும். அதன் அடி உலர்ந்தே இருக்கும். கிழங்கிலிருந்து பிரியும்போது சுத்தமான தழும்பு ஒன்றை விட்டுச்செல்லும். இந்நாள்களில் இலையிலிருந்த சத்து கிழங்குக்குள் இறங்குகிறது. தோல் தடித்து, நார் ஏறி, காரம் மிகுகிறது. இலை பழுப்பதைப் பொறுத்துக்கொள்ள மாட்டாமல் தழைச்சத்து உரம் போடுகிறவர்கள் இந்த வேலைக்குக் குறுக்கே நிற்கிறார்கள்.

நோயுற்ற செடியோ தனித்துத் தெரியும். ஒரு தொட்டியில் மூன்று தூர்கள் இருந்தால் ஒன்று மட்டும் மஞ்சளாகும். அதுவும் அடியிலைகளில் முதலில் காணும். தண்டின் அடி நீர்கோத்து, கண்ணாடிபோல் ஆகிக் கூழாகும். மெல்ல இழுத்தால் வந்துவிடும். இது பித்தியம் என்னும் பூசண இனத்தால் வரும் மென்னழுகல். இலை சுருண்டு, செடி ஓரிரு நாளில் துவண்டு, தண்டை அறுத்து அழுத்தினால் பால்போன்ற கசிவு வந்தால் அது பாக்டீரியா வாடல் நோய். இவை இரண்டும் மழைக்காலத்திலேயே மிகுதி. ஆனால் குளிர்காலத்தில் நாம் விடும் நீர், மழைக்காலத்தை மார்கழிக்கும் நீட்டித் தருகிறது. நோய் கண்ட தொட்டியின் மண்ணை வேறு இஞ்சிக்கோ மஞ்சளுக்கோ பயன்படுத்தவே கூடாது. ஐயம் நீங்காவிட்டால் விரலால் மண்ணை ஓரமாகக் கிளறி, கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். உறுதியாக இருந்தால் உறக்கம். விரல் அமிழ்ந்தால் அன்றைக்கே தோண்டி, நல்ல பகுதியை அறுத்துக் காப்பாற்றப் பாருங்கள்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் முறையில் புதுமை ஒன்றும் இல்லை. சிர்மௌர்க் குழியை மூன்றாம் மாடிக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டேன், அவ்வளவே. இலை பாதி மஞ்சளானதும் நீரைக் குறைப்பேன். முக்கால் பங்கானதும் அடியோடு நிறுத்துவேன். தண்டு தானாகச் சாய்ந்த பின் டிசம்பர் நடுவில் தோண்டுவேன். மண்ணைக் கையால் உதிர்ப்பதோடு சரி, கழுவுவதில்லை. இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட வைத்தால் தோண்டும்போது பட்ட காயங்கள் உலர்ந்துவிடும். சமையலுக்குப் போவதைப் பிரித்த பின், பருத்த, நோயற்ற, கண்கள் தெளிவாகத் தெரியும் கிழங்குகளை விதைக்கு வைப்பேன். பழைய ஆப்பிள் பெட்டியில் உலர்ந்த மணல் பரப்பி, கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மேலும் மணல் இட்டு, பெட்டியைக் கட்டிலின் அடியில் தள்ளிவிடுவேன். மணல் கிடைக்காதவர் தேங்காய்நார்த் தூளைக் காயவைத்துப் பயன்படுத்தலாம். இரண்டு வாரத்துக்கொருமுறை திறந்து பார்த்து, மெத்தென்று ஆனதை அகற்றவேண்டும். தோட்டம் போடுவோர் நடவுக்கு முன்பும் சேமிப்புக்கு முன்பும் கிழங்கை மாங்கோசெப் கரைசலில் அரைமணி நேரம் ஊறவைப்பதுண்டு. நான்கு தொட்டிக்காரனுக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன். அறுத்த முகத்தில் அடுப்புச்சாம்பல் தடவுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

குளிர்பதனப் பெட்டியில் மட்டும் விதைக்கிழங்கை வைத்துவிடாதீர்கள். பலரும் செய்யும் பிழை இது. சுமார் 12 டிகிரிக்குக் கீழே நெடுநாள் இருந்த இஞ்சி குளிரால் உள்ளுக்குள் பழுதுபடும். வெளியே எடுத்துச் சில நாளில் சுருங்கி, அழுகத் தொடங்கும். கடையில் வாங்கி நட்ட இஞ்சி ஒரு மாதமாகியும் முளைக்காததற்கு, அது வரும் வழியில் குளிரூட்டப்பட்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். மொட்டைமாடித் தொட்டியிலேயே விட்டுவைப்பதும் அப்படித்தான். தரையில் ஒரு சாண் ஆழத்து மண் இரவுக் குளிரிலிருந்து கிழங்கைக் காக்கும். தொட்டி மண்ணோ நான்கு புறமும் குளிரை வாங்கும். எங்கள் பழைய குடியிருப்பில் கவனிப்பாரின்றியே இஞ்சி பிழைத்ததன் காரணமும் அதுவே. தோண்ட மனமில்லாதவர் தொட்டியை அப்படியே தூக்கிவந்து கூரையின் கீழே, சுவரோரமாக, நீரின்றி வைத்தால் போதும்.

ஹோலிக்குச் சற்று முன்பின்னாகப் பெட்டியிலுள்ள கிழங்கில் கண்கள் புடைக்கும். அப்போது 20 முதல் 25 கிராம் எடையுள்ள துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் ஓரிரண்டு கண்கள் இருக்குமாறு அறுத்து, இரண்டு அங்குல ஆழத்தில் நடவேண்டும். கிழங்கு அருமையாக இருப்பவர்கள் இன்னும் சிக்கனமாகச் செய்யலாம். ஒற்றைக் கண்ணுள்ள ஐந்து கிராம் துண்டுகளை நாற்றுத் தட்டில் முளைக்கவைத்து, ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்த நாற்றாக நடும் முறையைக் கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த ஒரே துண்டை நான் நான்கு செடியாக்கியது இம்முறையில்தான். மே, ஜூனில் இங்கு வீசும் 'லூ' என்னும் அனல்காற்றுக்கு இஞ்சி தாங்காது. பாதி நிழலும் காய்ந்த இலை மூடாக்கும் வேண்டும். மழை தொடங்கியபின் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

என் கருத்தை ஏற்காத நண்பர்கள் உண்டு. ஒருவர் தெற்கு நோக்கிய கண்ணாடித் தாழ்வாரத்தில், இரவில் சூடேற்றியை எரியவைத்து, ஜனவரி முழுதும் இஞ்சியைப் பச்சையாக நிறுத்திக் காட்டினார். தேநீரில் போட மணமுள்ள இலை அவருக்குக் கிடைத்தது. நான் அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் மார்ச்சில் அவர் தோண்டியபோது கிழங்கு மெலிந்திருந்தது. மின்கட்டணச் சீட்டு பருத்திருந்தது. இன்னொருவர், கடையில் கிடைக்கும் இஞ்சிக்கு ஏன் இவ்வளவு பாடு என்கிறார். 2023இல் தக்காளியோடு சேர்ந்து இஞ்சி விலையும் ஏறியபோது அவரே என் மாடிக்கு வந்தார் என்றாலும், அவர் கேட்பது நியாயமே. நான்கு தொட்டியில் எனக்குக் கிடைப்பது நல்ல ஆண்டில் ஒன்றரைக் கிலோ. தொட்டி, மண், உரம் என்று கணக்குப் போட்டால் கடை இஞ்சிதான் மலிவு. உலகிலேயே மிகுதியாக இஞ்சி விளைவிக்கும் நாட்டில் யாரும் பணம் மிச்சப்படுத்துவதற்காக மாடியில் இஞ்சி வளர்க்கவேண்டியதில்லை. மாடியில் வைத்திருப்பவர்கள் ஏதோ ஒரு கிழங்கைக் கைவிட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்தது, யாரோ கொடுத்தது, எங்கோ பயணம் போனபோது கொண்டுவந்தது. அத்தகையோருக்கே இக்கட்டுரை.

பொங்கல் பானைக்கு என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஓராண்டு நீடித்தது. தோண்டிய கிழங்கை, அதில் ஒட்டியிருக்கும் காய்ந்த தண்டோடு நாரில் கோத்துக் கட்டலாம் என்றேன். "மங்கலப் பானையில் காய்ந்ததையா கட்டுவார்கள்?" என்றாள் மனைவி. அவள் சொன்னதிலும் பொருள் இருந்தது. ஊரிலேயே தை பிறக்கும்போது இஞ்சித்தழை பாதி பழுத்துத்தானே இருக்கும், அறுவடை என்றால் அதுதானே என்று நான் வாதிட்டேன். முடிவு காணாமல் மகளிடமே கேட்டோம். "ஆச்சி இஞ்சி என்றால் எப்படி இருந்தாலும் கட்டுங்கள்" என்றாள். மனைவி பாதி வழி இறங்கிவந்தாள். கடையில் வாங்கிய பச்சை மஞ்சள்கொத்து முன்புறம்; காய்ந்த தண்டோடு எங்கள் இஞ்சி அதன் பின்னால். நான்கு ஆண்டுகளாக இவ்வாறே நடக்கிறது. பொங்கிவழியும் பால் பட்டு அந்தத் தண்டு நனைகிறது. பொங்கல் முடிந்ததும் கிழங்கைத் துடைத்து, பானையின் சூடு பட்டதால் அதை விதைக்கு வைக்காமல், மறுநாள் இஞ்சித் துவையலுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் இருக்கும் ஊரில் பனி முழங்காலளவு விழுமாம். மண்ணோடு கூடிய கிழங்கை நாடு கடத்திக் கொண்டுபோகச் சுங்க விதிகள் இடம்தராது என்பதால் அதைப் பற்றிப் பேசவில்லை. கிழங்கில் ஒரு பகுதியைத் தரைத்தளத்து முதியவரிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். அவர் அதைத் தன் ஊர்க் குழியில் வைக்கத் தம்பி மகனிடம் கொடுத்தனுப்பினார். இன்னொரு பகுதி நொய்டா அம்மையாரின் தாழ்வாரத்தில் இருக்கிறது. ஒரே இடத்தில் வைத்திருந்து அஞ்சியது போதும் என்று தோன்றிற்று. எஞ்சியது கட்டிலின் அடியில், ஆப்பிள் பெட்டியில் இருக்கிறது. போன ஞாயிறு திறந்து பார்த்தபோது பதினான்கு துண்டுகளில் ஒன்றில் மட்டும் ஓரம் மெத்தென்று இருந்தது. அறுத்துச் சாம்பல் தடவித் தனியே வைத்திருக்கிறேன்.